கிளம்பிவிட்ட மூட்டை

நம் பள்ளித் தோழர்கள் குழுவில் ஒரு மாதமாக எல்லோரும் காஷ்மீருக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தஞ்சாவூரிலிருந்து இரண்டு காரில் கிளம்புவது, மலை, கடல், பாலைவனம் என்று பார்த்துக்கொண்டே வடக்கே ஏறுவது, பனியைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர்தான் முதல் ஆளாகக் கை தூக்கினார். ஆளுக்கு ஓர் இடம் சொல்லுங்கள், வழியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோபமா என்று தனியாக இரண்டொருவர் கேட்டிருந்தீர்கள். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை.

போனில் விரலால் தட்டிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், முழுப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், நம் வகுப்புச் சுவரில் தொங்கிய இந்தியா மேப் காணாமல் போனதே, ஞாபகம் இருக்கிறதா? துணி ஒட்டி, மேலும் கீழும் உருட்டுக்கட்டை வைத்த பெரிய மேப். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று பூகோள வாத்தியார் சொன்னார். பைண்டிங்குக்கெல்லாம் போகவில்லை. அது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. வாத்தியாரே ஒருநாள் சாயங்காலம் சைக்கிளில் குறுக்காகக் கட்டிக்கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். வார்னிஷ் வாசனையும் சுண்ணாம்புத் தூள் வாசனையும் கலந்து கூடம் முழுக்கப் பள்ளிக்கூடமாக வீசியது. மேப்புக்குப் பின்னால் ஒரு பல்லி குடியேறியது. இமயமலைக்குப் பின்னாலிருந்து அது கத்தினால் அப்பா சகுனம் நல்லது என்பார்.

மேப் வந்ததற்குக் காரணம் அக்கா.

அக்காவை உங்களில் சிலருக்குத்தான் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, பின்னலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு "போ" என்று முதுகில் தட்டி அனுப்புகிறவள். அவளை நாட்டின் நடு மத்தியில், சிமெண்ட் ஆலை இருக்கிற ஓர் ஊரில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தெரிந்தவர் மூலமாக வந்த வரன், இன்ஜினியர், கம்பெனி வீடு. அவ்வளவு தூரமா என்று அம்மா இழுத்தாள். தூரம் என்பது பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். பெண்ணைக் கண்காணாத இடத்தில் தள்ளிவிட்டான் என்று திருவையாறு கடைத்தெருவில் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. கடைசிவரை அது அவருக்கு ஆறவே இல்லை.

அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோறு மஞ்சளாக இருக்கிறது என்று அக்கா எழுதுவாள். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மாசியில் அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஐந்திலோ ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்புப் போட்டு, தாய்வீட்டு ஆட்கள் போய் அழைத்துக்கொண்டு வர வேண்டும். அழைக்க ஆள் வராமல் பெண் தானாகக் கிளம்பி வரக் கூடாது. அத்தானுடைய அம்மா அங்கேதான் இருந்தார். வழக்கத்தில் ஒரு நூல் பிசகக்கூடாது என்கிற மனுஷி. அத்தானுக்கு லீவு போட்டுக் கொண்டுவந்து விடுகிற எண்ணம் இருந்திருக்கிறது. அழைத்துப் போக அவர்கள் அல்லவா வர வேண்டும் என்று அந்த அம்மாள் தடுத்துவிட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மெட்ராஸ் போய் ரயில் மாறினால் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடலாம். இதை நான் மறக்காமல் இருக்கிறேன். நீங்களும் மறக்காமல் இருங்கள்.

அப்பா கார் வாங்கினார். சம்பா நல்ல விளைச்சல், கையில் கொஞ்சம் பண ஓட்டம் இருந்தது. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் விற்ற பழைய கறுப்புக் கார். உள்ளே மருந்து வாசனையும் காய்ந்த தோல் வாசனையும் அடிக்கும். பின் சீட்டில் ஒரு கிழிசல், அதற்குள் விரலை விட்டால் தேங்காய் நார் வரும். அந்தக் காரில் நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு, பட்டப்பகலில் திருவையாறு கடைத்தெரு வழியாக வந்து இறங்குவது என்று அப்பா முடிவு செய்தார். கண்காணாத இடம் என்று சொன்னவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்பது கணக்கு. வெளியே சொல்லவில்லை. இப்போது எனக்குப் புரிகிறது.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொண்டார். அறுவடை முடிந்த வயலில், வெடித்த மண்ணில், தாளடிக்கட்டைகள் நொறுங்க நொறுங்க ஓட்டிப் பழகினார். நேராக ஓட்ட வந்துவிட்டது. ஆனால் போகிற வழியில் மலை இருக்கிறதே. நம் ஊரில் மலைக்கு எங்கே போவது? இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டு மாதிரி இருக்கிற பூமி. அதில் உயரமான இடம் என்றால் ஆற்றங்கரை ஒன்றுதான். கோடையில் ஆறு வறண்டு கிடந்தது. மணல் அள்ளும் மாட்டுவண்டிகள் ஆற்றுக்குள் இறங்கி ஏறுவதற்கு ஒரு சரிவுப் பாதை உண்டு. அப்பா அதில் காரை ஏற்றி இறக்கி மலை ஓட்டப் பழகினார். இதைப் பார்க்க நீங்களும் வந்து நின்றீர்கள். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும், பின்னால் நகரும், நீங்கள் எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு கல் எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுப்பீர்கள். பூகோள வாத்தியார் கரைமேல் நின்று, இது ஊட்டி, அடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கோடை மாதிரி ஒரு சந்தோஷமான கோடை எனக்கு வாய்க்கவே இல்லை. அதைச் சொல்லிக்கொள்ளவே இன்று வெட்கமாக இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் மேப்பின் முன்னால் கூட்டம் கூடும். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக இருக்கிற பென்சிலால் அப்பா கோடு போடுவார். அக்கா இருந்த ஊர் மேப்பில் இல்லை. அவ்வளவு சின்ன ஊர். வாத்தியார் உத்தேசமாக இடம் சொல்ல, அப்பா சிவப்புப் பக்கத்தால் ஒரு பொட்டு வைத்தார். பிறகு நீலக் கோடு தஞ்சாவூரில் ஆரம்பித்து அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் போனது. முதல் நாள் அது கிட்டத்தட்ட நேர்கோடுதான்.

அப்புறம் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். பெரியப்பாவுக்குக் காசி. வாத்தியாருக்கு நர்மதை நதி பளிங்குப் பாறைகளுக்கு நடுவில் ஓடுகிற இடம், வருஷா வருஷம் நமக்குப் பாடம் எடுத்தாரே தவிர அவர் பார்த்ததில்லை, யாராவது பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும் என்றார். எதிர்வீட்டுச் சித்திக்கு ஒரு சொம்பு கங்கைத் தண்ணீர். அவரைச் சித்தி என்று கூப்பிடுவோமே தவிர உறவு ஒன்றும் இல்லை, தெருவில் எங்களுக்கு நேர் எதிர்வீடு. அப்பாவுக்குப் பனி. ஐஸ்கட்டியைத் தரையில் கொட்டிக் கிடக்கிற மாதிரி பார்க்க வேண்டும் என்பார். கோடு ஊட்டிக்கு ஏறியது, மைசூருக்கு இறங்கியது, மேற்குக் கடலோரமாக ஓடியது, பம்பாயைத் தொட்டது, தாஜ்மகாலைச் சுற்றியது, காஷ்மீர் வரை போனது. சிவப்புப் பொட்டு கோடு தொடாமல் ஒதுங்கி நின்றது.

அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க, அவ ஊரு எப்ப வருது?"

"கடைசியில."

"கடைசியிலயா?"

"பின்ன? வயித்துப் புள்ளக்காரிய வண்டியில வச்சுக்கிட்டு ஊர் சுத்த முடியுமா? மொதல்ல நாம பாக்குறதப் பாத்துடுவோம். கடைசியில அவளக் கூப்புட்டுக்கிட்டு நேரா வீடு."

யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. நியாயமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் நடந்த தப்புகள் எல்லாம் இப்படி நியாயமாகத்தான் இருந்தன.

ஜோசியர் சித்திரைக் கடைசியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் கர்ப்பிணியை அழைத்துவரக் கிளம்ப வேறு நல்ல நாளே கிடையாது என்றார். அந்த நாளில் பார்த்துக் கார் தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. என்னமோ ஒரு சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அம்மா தவித்துப்போய்விட்டாள். அதற்கென்ன, பரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார் ஜோசியர்.

உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், பயணத்தில் கொண்டுபோகிற பொருள் எதையாவது மூட்டையாகக் கட்டி அந்த நல்ல நேரத்தில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை வாசல் தாண்டிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு வசதிப்பட்ட நாளில் கிளம்பி, போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றுதான் நிபந்தனை. வைத்த மூட்டையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பயணம் முறிந்தது என்று அர்த்தம்.

அம்மா மூட்டை கட்டினாள். வளைகாப்புக்கு எடுத்திருந்த பச்சைப் புடவை, கும்பகோணத்தில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் பச்சையும் சிவப்புமாக, மஞ்சள் கிழங்கு, அக்காவுக்குப் பிடித்த வேப்பம்பூ வற்றல் ஒரு பொட்டலம். எல்லாவற்றையும் அப்பாவின் எட்டு முழ வேட்டியில் வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அந்தக் காலையில் நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்கு. உள்ளே வளையல்கள் கிணுகிணுத்தன. எதிர்வீட்டுச் சித்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரி மேல் தட்டில் வைத்தார். அப்பா திண்டில் சாய்ந்துகொண்டு, "கெளம்பியாச்சு" என்றார். நிஜமாகவே கிளம்பிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

இன்றைக்கு யோசித்தால், அந்த மூட்டைதான் எங்களைக் கெடுத்தது என்று தோன்றுகிறது. அதுவரை அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தாள். மூட்டை வைத்த பிறகு அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. கிளம்பியாகிவிட்டது, இனி போவதுதான் பாக்கி.

வைகாசியில் திருவையாறு போஸ்ட் ஆபீஸிலிருந்து ட்ரங்க் கால் போட்டோம். காலையில் பதிவு செய்துவிட்டு மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆலை ஆபீஸுக்கு அக்காவை வரவழைத்திருந்தார்கள். பக்கத்தில் அத்தானும் அவர் அம்மாவும் நின்றிருக்க வேண்டும், குரல்கள் கேட்டன. அப்பா போனை வாங்கி ஊருக்கே கேட்கிற மாதிரி வழியைச் சொன்னார். ஊட்டி, மைசூர், பம்பாய். அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாளோ, அப்பா "வந்துடுவோம், வந்துடுவோம்" என்றுவிட்டு மறுபடி தாஜ்மகாலுக்குப் போனார். பிறகு அம்மா வாங்கினாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டாள், அழுதாள், என்னிடம் கொடுத்துவிட்டாள்.

கருவி காதைவிடப் பெரிதாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. உள்ளே காற்று இரைகிற மாதிரி சத்தம். அக்காவின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"பாப்பா, அப்பாவ நேரா வரச் சொல்லு."

"என்னக்கா?"

"எங்கயும் நிக்க வேணாம்னு சொல்லு. நேரா வரச் சொல்லு."

லைன் அறுந்துவிட்டது. நான் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அப்பா போஸ்ட் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"நேரா போனா என்னத்தப் பாக்குறது? புள்ளத்தாச்சிக்கு ஆத்தா வீட்டு நெனப்பு, வேறென்ன."

போஸ்ட் மாஸ்டரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், வில்வண்டியில் உட்கார்ந்து, நான் மட்டும் ரயிலில் போய் அழைத்துக்கொண்டு வந்துவிடட்டுமா, பெரியப்பா துணைக்கு வருவார் என்று மெல்லக் கேட்டாள். கார் வாங்கிவிட்டு ரயிலில் போனால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்று அப்பா சொன்னார். அந்தக் கேள்வியை அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனேனே என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாமான் வந்தது, கார் சரியானது. அதற்குள் வயலில் உளுந்து பறிக்கிற சமயம். அது முடிந்து கிளம்பலாம் என்றார் அப்பா. மேட்டூரில் தண்ணீர் மட்டம் இறங்கிக் கிடந்தது, இந்த வருஷம் தண்ணீர் திறக்க ஆவணி ஆகிவிடும், குறுவைப் பயிர் கிடையாது, சாவகாசமாகப் போய்வரலாம் என்று கரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஏழாம் மாதம் கடந்துகொண்டிருந்தது. ஏழில் இல்லாவிட்டால் ஒன்பதில் போட்டுக்கொள்ளலாம் என்று வழக்கமே இடம் கொடுத்தது.

குடகில் மழை கொட்டித் தீர்த்தது. மேட்டூர் நிரம்பத் தொடங்கி, காலத்திலேயே திறந்துவிட்டார்கள்.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த காலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாம் எல்லோரும் ஆற்று மணலில் நின்றோம். முதலில் ஈர மண் வாசனை வந்தது. பிறகு சருகும் நுரையும் சுள்ளியும் தள்ளிக்கொண்டு, பழுப்பாக, ஒரு முழ உயரம்கூட இல்லாமல், நாக்கு நீட்டுகிற மாதிரி மணலை நக்கிக்கொண்டு வந்தது. அதன் முன்னால் பின்பக்கமாக ஓடினோம். நண்டுகள் வளையைவிட்டு ஓடின. பெண்கள் சூடம் ஏற்றினார்கள், பூப் போட்டார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். அவர் மலை ஏறப் பழகிய சரிவுப் பாதை எங்கள் கண்முன்னாலேயே முங்கியது.

நான் குதித்துக்கொண்டே கரைமேல் திரும்பிப் பார்த்தேன். அம்மா கையில் பூத்தட்டோடு நின்றாள். பூவைப் போடவில்லை. தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சு" என்றாள். ஊரே கும்பிட்டு வரவேற்கிற தண்ணீரை அப்படி ஒரு குரலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாவுச் சேதி கொண்டுவந்தவனைப் பார்த்துச் சொல்கிற குரல் அது. தண்ணீர் வந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டென்றால் அப்பா நகர மாட்டார். அவளுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

நாற்று விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார் அப்பா. நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் நம்பிக்கையில்லை என்றார். நட்டுவிட்டால் கவலை விட்டது, ஆனி முடிவதற்குள் கிளம்பி ஒன்பதாம் மாதத்துக்குள் அழைத்துவந்துவிடலாம், ஊட்டியும் பம்பாயும் வேண்டாம், காஷ்மீரும் தாஜ்மகாலும் மட்டும் போதும் என்றார். அப்போதும் அந்த இரண்டை விட மனம் வரவில்லை. மனிதருக்கு அந்த வயதில் அவ்வளவு ஆசை. இன்றைக்கு நான் அவரைவிட மூத்தவள். அந்த ஆசையை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

ஆனிக் கடைசியில் நடவு நடந்துகொண்டிருந்தது. நான் அப்பாவுக்குத் தூக்கில் காபி கொண்டுபோயிருந்தேன். போஸ்ட்மேன் சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தார். அப்பா முழங்கால் சேற்றில் நின்று, நாற்றுமுடியை விசிறிக்கொண்டிருந்தார்.

"தந்திங்க."

"படிங்க. கையெல்லாம் சேறு."

போஸ்ட்மேன் பிரிக்கவில்லை. தபாலாபீஸில் எழுதி எடுத்தபோதே அவருக்கு விஷயம் தெரியும்.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றார்.

அப்பா வாய்க்காலில் குனிந்தார். கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். விரல் விரலாக, முழங்கை வரைக்கும், சேறு போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். நடவுப் பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். புதுத் தண்ணீர் அவர் கையைச் சுற்றிச் சலசலவென்று ஓடியது. எழுந்து வந்து காகிதத்தை வாங்கினால்தான் அது நடந்ததாக ஆகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

மஞ்சள் காமாலை. முதல் மழையில் அந்த ஊரின் தண்ணீர் கெட்டுப்போய்ப் பலருக்கு வந்திருக்கிறது. பிள்ளைத்தாச்சிக்கு வந்தால் தாங்காதாம். வைகாசியிலிருந்தே அக்காவுக்கு உடம்பு சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கை கால் ஓய்ந்து கிடந்தாள், மாசமாக இருக்கிற அசதி என்று நினைத்தோம் என்று அத்தான் பிறகு வந்து சொல்லி அழுதார். அதற்கும் கடைசியில் வந்த காமாலைக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. குழந்தையும் தங்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் அன்றைக்கே ரயில் ஏறினார்கள். எங்கும் நிற்கவில்லை. நேராகப் போனார்கள்.

என்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சித்தி என்னை அந்த அலமாரி இருந்த அறையில்தான் படுக்க வைத்தார். பகலில் அவர் இல்லாத நேரத்தில் மூட்டையை விரலால் தொட்டுப் பார்ப்பேன். லேசாகத் தொட்டால் போதும், உள்ளே வளையல் பேசும். செத்துப்போவது என்றால் என்ன என்று தெரிகிற வயதுதான், ஆனாலும் எனக்கு மனசில் ஏறவில்லை. அக்காவுக்கு இன்னும் மூட்டை போய்ச் சேரவில்லையே, அதற்குள் எப்படி எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் சித்தி வாசலில் நின்று, மூட்டையைக் கொண்டுவந்து கொடுக்கட்டுமா என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேணாம்," என்றாள் அம்மா. "அது கெளம்பிடுச்சு. திரும்பி வரக் கூடாது."

அதோடு சரி. அம்மா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அந்த அறைக்குள் மட்டும் காலை வைக்கவில்லை.

அப்பா மறுபடி அந்தக் காரைத் தொடவில்லை. மாட்டுக்கொட்டகையில் நின்றது. கோழிகள் பின் சீட்டில் முட்டை வைத்தன. பிறகு யாரோ எடைக்கு வாங்கிப் போனார்கள். குறுவை அந்த வருஷம் நன்றாக விளைந்தது. அப்பா களத்துக்கு வரவில்லை. எனக்கு அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. நான் சொன்னபோது ஏன் சிரித்தீர்கள் என்று. அவர் கிழவராகி, படுக்கையில் விழுந்து, என் கையால் கஞ்சி குடித்த நாட்களில்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அவர் செத்துவிடுவார் என்று பயந்தேன். கேட்காமலே செத்துப்போனார். மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மேப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தது. அது நம் ஏழாம் வகுப்பில் மாட்டப்பட்ட அன்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதில் யாரோ நீலப் பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள், நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. யார் சார் கிறுக்கினது என்று கேட்டீர்கள். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்புப் பொட்டு எரிமலை என்று உங்களில் ஒருவர் சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்தது. யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். குழந்தைகள்தானே நாம். அந்த வருஷம் முழுக்க நான் அந்த மேப்புக்கு எதிரில் உட்கார்ந்து படித்தேன். கோடு எல்லா ஊருக்கும் போயிருந்தது. பொட்டைத் தொட்டிருந்த பழைய நேர்கோட்டை மட்டும் அப்பா ரப்பரால் அழித்திருந்தார். அழித்த இடம் வெளுப்பாகத் தெரியும்.

இனி இப்போதைய விஷயம். எதிர்வீட்டுச் சித்தி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்று இந்தத் தையில் வந்திருந்தான். எனக்குப் போன் செய்தான். அலமாரி மேல் தட்டில் ஒரு மூட்டை இருக்கிறது, எங்கள் அம்மா அதை எறியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், உங்கள் வீட்டுடையது என்று மட்டும் தெரியும், என்ன செய்யட்டும் அக்கா என்றான். நான் தஞ்சாவூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். வேட்டி பழுத்து, எலி ஓர் ஓரத்தைக் கடித்திருந்தது. அம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. தூக்கியதும் உள்ளே கிணுகிணுத்தது.

நேர் எதிரில் எங்கள் வீடு. இப்போது என் தம்பிமுறை ஒருவன் குடியிருக்கிறான், வாங்க, காபி சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று கூப்பிட்டான். தெருவைக் கடக்க என்னால் முடியவில்லை. மூட்டையை டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழுவில் நீங்கள் போட்ட வழியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே ஊட்டி, அதே பம்பாய், அதே தாஜ்மகால். எங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் பிடித்த மாதிரி இருந்தது. அந்த ஊர் உங்கள் வழியில் இல்லை. ரொம்ப விலகி இருக்கிறது. இப்போது மேப்பில் பெயர் போட்டிருக்கிறார்கள். தட்டிப் பார்த்தேன். ஆலை மூடிவிட்டதாம். பார்க்க ஒன்றும் இல்லை. அக்காவை எரித்த இடம் எது என்று சொல்லவும் அங்கே ஒருவரும் மிச்சம் இல்லை. ஆகையால் வழியில் சேர்க்கச் சொல்லி உங்களிடம் நான் கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை. நீங்கள் போய்வாருங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

மூட்டை இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. காய்கறி வாங்கவும் பேங்குக்கும் டாக்டரிடமும் அதோடுதான் போய்வருகிறேன். தஞ்சாவூர்த் தெருக்களில் ஸ்பீட் பிரேக்கருக்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் வண்டி ஏறி இறங்கும்போது பின்னால் வளையல் சத்தம் கேட்கிறது. எத்தனை முழுசாக இருக்கின்றனவோ தெரியாது. நேற்று வரை கேட்டது.